நீல வண்டியின் உரிமையாளர்

வேலங்குளத்துல ஒரு பணியார வண்டி, தள்ள ஆளில்லாம, இழுக்க மாடில்லாம, நாலு சைக்கிள் சக்கரத்தையும் உருட்டிக்கிட்டு அன்னகாமு அக்கா போன எடமெல்லாம் பின்னாடியே போச்சு. போனது பெரிய விசயமில்ல, வண்டின்னு இருந்தா போகத்தான் செய்யும், அத வச்சுக்கிட்டு எங்க ஊரு போட்ட நடிப்பு இருக்கே, அதச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். நான் மைக்செட் தவமணி. இந்தச் சுத்துப்பட்டுல காதுகுத்தா, சடங்கா, கட்சிக் கூட்டமா, கபடிப் போட்டியா, எதுவானாலும் என் குழாயக் கட்டாம நடக்காது. அதனால எந்த விசேசத்துல யாரு யாரப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கன்னு மேடைக்குப் பக்கத்துல ஒயரும் கையுமா உக்காந்திருக்கிற எனக்குத் தெரியிற மாதிரி வேற எவனுக்கும் தெரியாது.

அன்னகாமு அக்கா பொறந்த வீடு சோறு போட்ட வீடு. மாரியம்மன் தேருக்கு மறுநாள் நடக்கிற அன்னதானத்துல முதக் கரண்டி சோறு அந்த வீட்டு ஆள் கையாலதான் இலையில விழணும், அது அவங்களுக்குக் கோயில் குடுத்த மரியாதை. அந்த வீட்டுக்காரங்க நெல்ல விப்பாங்க, ஆட்ட விப்பாங்க, தோட்டம் தொரவ விப்பாங்க, ஆனா அடுப்புல ஏறி எறங்கினத மட்டும் விக்க மாட்டாங்க. அத விக்கிறது வாசலுக்கு வந்த விருந்தாளிகிட்டயே கைய நீட்டுற மாதிரின்னு அவங்களுக்கு நெனப்பு. அப்பேர்ப்பட்ட வீட்டுல பொறந்த அக்காவக் கட்டுன மனுசன் பஞ்சாலை மூடினதும் திருப்பூர்ப் பக்கம் வேலை தேடிப் போனவரு, போனவரு போனவருதான். ஒரே மக, பாண்டிமீனா, அப்ப காலேஜுல படிச்சுக்கிட்டிருந்துச்சு. அண்ணன் ராசுக்காளை உரக்கடை வச்சு நல்லாத்தான் இருந்தாரு, நல்லா இருக்கிறவரு தங்கச்சிக்கு என்ன செஞ்சாருன்னு கேக்காதீங்க, புத்தி சொன்னாரு.

ஒரு நாள் மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்து, முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, தெருவப் பாத்தபடியே பேசுச்சு.

"தம்பி, வெளியூரு விசேசத்துக்கெல்லாம் குட்டியானை லாரியில மைக்செட் ஏத்திட்டுப் போறயில்ல, அதுல ஓரமா ஒரு வண்டி வைக்க எடம் இருக்குமா?"

"என்ன வண்டிக்கா?"

"பழைய இஸ்திரி வண்டிதான். பணியாரம் போடலாம்னு பாக்குறேன். நம்ம ஊருல வேணாம். நம்மள யாருக்கும் தெரியாத ஊருல."

"தெரிஞ்சா என்னக்கா, திருடவா போற?"

"திருடினாக்கூட எங்கண்ணன் மன்னிச்சிரும் தம்பி" அப்படின்னு சொல்லிட்டு அழுதுச்சு. நான் லாரியில ஓரமா எடம் ஒதுக்கிக் குடுத்தேன்.

வண்டிக்கு நீலச் சாயம் அடிச்சாச்சு, அடுப்பு வச்சாச்சு, பணியாரச் சட்டி வச்சாச்சு, பேரு மட்டும் எழுதல. எழுத வந்த பெயிண்டர்கிட்ட அக்கா "சும்மா ஒரு தாமரைப்பூப் போடுப்பா"ன்னுருச்சு. இந்தக் கொடுமைய எங்க சொல்ல, மொத நாளு தொழிலுக்குன்னு எறங்கி வண்டியக் கொண்டுபோய் நிறுத்தின எடம் ஒரு கோயில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்துல. கூட்டம் இருக்கிற எடத்துலதான சாப்பாடு ஓடும்னு அதோட கணக்கு. ஓசியில சோறு போடுற எடத்துல பணியாரம் விக்க வேலங்குளத்துப் பெரிய வீட்டுப் பொண்ணத் தவிர வேற யாருக்குப் புத்தி போகும்? ஒருத்தனும் வாங்கல. வேடிக்கை பாக்க வந்த பிள்ளைகளக் கூப்பிட்டு இலையில வச்சு "இன்னும் ரெண்டு வச்சுக்கங்க, கூச்சப்படாதீங்க"ன்னு உபசாரம் பண்ணிப் பண்ணி, மாவு தீர்ந்ததும் பந்தியில எல்லாரும் வயிறு நெறைஞ்சு போன சந்தோசத்தோட வண்டியத் தொடைச்சுச்சு. அப்புறந்தான் அதுக்கு நெனப்பு வந்து, நெத்தியில அடிச்சுக்கிட்டு, சக்கரத்துப் பக்கத்துல அப்படியே உக்காந்துருச்சு.

கை நீட்டிக் காசு வாங்க அதுக்குக் கடைசி வரைக்கும் வரல. வண்டி மூலையில ஒரு பித்தளைச் சொம்ப வச்சிட்டு, சாப்பிட்டவங்க அதுல போடுறப்ப வேற பக்கம் பாத்துக்கிரும். ஆனா பணியாரம் பணியாரந்தான். கம்பியால குத்திப் புரட்டுறப்ப ஒண்ணு கூடக் கருகாது, வெளிய மொறுமொறுன்னும் உள்ள பஞ்சாட்டமும் இருக்கும், அந்தக் காரச் சட்னிக்கு ஊருக்கு ஊரு ஆளு காத்துக் கெடக்க ஆரம்பிச்சாங்க. பாண்டிமீனா படிச்சு முடிச்சது அந்த வண்டியில. சொந்தக்காரங்ககிட்ட மட்டும் அக்கா "கேட்டரிங் கம்பெனி வச்சிருக்கேன், ஆளு போட்டு நடக்குது"ன்னு சொல்லிருச்சு. திரும்பி வர்றப்ப ஊருக்கு வெளியவே லாரியவிட்டு எறங்கிரும். வண்டி என் கடைக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில நிக்கும்.

அந்தக் கொட்டகையில இருந்துதான் வண்டி கெளம்புச்சு. அக்காவோட பெரியம்மா பேத்திக்கு வளைகாப்பு. பட்டுச்சேலை கட்டி, தலை நெறைய மல்லிகைப்பூ வச்சு, கம்பெனி மொதலாளியம்மா தோரணையில அக்கா கடைத்தெரு வழியா நடந்து போகுது, பின்னாடி நீல வண்டி வருது. சக்கரத்துக்கு நான் முட்டுக் குடுத்த கல்லு கொட்டகையிலேயே கெடக்கு. அக்கா நின்னா நிக்குது, நடந்தா நடக்குது, ரயில்வே கேட்டு மூடியிருந்தா ஓரமா ஒதுங்கி நின்னு ரயிலுக்கு வழி விடுது. வளைகாப்பு வீட்டு வாசல்ல செருப்பு விட்ட எடத்துக்குப் பக்கத்துல போய், யாரையும் இடிக்காம நின்னுக்கிச்சு. அடுப்பப் பத்த வைக்க ஆளில்ல, சட்டி மட்டும் சூடா இருந்துச்சு.

அக்கா திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டு, பாக்காத மாதிரி உள்ள போயிருச்சு. அவ்வளவுதான், அன்னைக்கே எங்க ஊரு முடிவு பண்ணிருச்சு: அன்னகாமுக்குத் தெரியலைன்னா நமக்கும் தெரியல. யாரும் கூட்டம் போட்டுப் பேசல, அது அப்படியே ஊருக்குள்ள பரவி நின்னுக்கிச்சு. கேட்டுக்காரரு வண்டி போற வரைக்கும் கேட்ட எறக்காம வச்சிருப்பாரு, கேட்டா "காத்து வாங்கட்டும்னு தூக்கி வச்சேன்"ம்பாரு. போலீஸ்காரரு விசில் ஊதி பஸ்ஸ நிறுத்துவாரு, எதுக்குன்னு சொல்ல மாட்டாரு. பூசாரி எல்லாருக்கும் திருநீறு குடுத்துட்டு, வெளிய வந்து சக்கரத்துலயும் ஒரு கோடு இழுத்துட்டு, "யாரு வண்டியோ, நல்லா இருக்கட்டும்"னு போயிருவாரு. டீக்கடையில "நீல வண்டி மேக்காலயா போச்சு? அப்ப அன்னகாமு தையக்கடைக்குப் போயிருக்கும்"னு பேசிக்குவாங்க, அதே ஆளுக அக்கா வந்து நின்னா "என்ன அன்னகாமு, கம்பெனி எல்லாம் எப்படி ஓடுது?"ன்னு கேப்பாங்க, கேக்குறப்ப அந்த வண்டி அவங்க முழங்காலத் தொட்டுக்கிட்டு நிக்கும். மழை பேஞ்சா யாராவது அதுமேல தார்ப்பாய போட்டுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி போவாங்க. இதையெல்லாம் நாங்க மரியாதைன்னு நெனச்சோம். இப்ப நெனச்சா எனக்கு உடம்பு கூசுது.

அக்கா பாத்துச்சு, சங்கிலி வாங்கியாந்து கொட்டகைத் தூணோட கட்டுச்சு. வண்டி சங்கிலியோட வந்துச்சு, தூணு வரல, அது ஒண்ணுதான் குறை. சக்கரத்தக் கழட்டி வீட்டுப் பரண்ல போட்டுச்சு. காலையில பரண் காலி, வண்டி வாசல்ல கோலத்த மிதிக்காம நிக்குது. பொறுக்க மாட்டாம ஒரு நாள் கொட்டகைக்குள்ள வந்து, நான் இருக்கிறது தெரியாம, வண்டியப் பிடிச்சு உலுக்கி உலுக்கி ஏசுச்சு.

"உனக்குச் சூடு சொரணை இருக்கா? உன்னைய எங்க வரச் சொன்னேனோ அங்கதான வரணும்? எம் மகளுக்கு ஒரு நல்லது நடக்கணுமே, ஒரு நல்ல வீட்டுல போய் உக்காரணுமே, உன்னைய வச்சுக்கிட்டு நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்? போ. எங்கயாச்சும் போய்த் தொலை."

ஏசிட்டு, முந்தானையாலயே அடுப்புச் சாம்பலத் தொடைச்சு விட்டுட்டுப் போச்சு.

அந்த நல்லதும் வந்துச்சு. சின்னமனூர்ப் பக்கம், மாப்பிள்ளை மின்வாரியத்துல வேலை, அமைதியான பையன், பாண்டிமீனாவுக்கும் பிடிச்சிருந்துச்சு. பேசி முடிச்சது அண்ணன் ராசுக்காளை. "தங்கச்சி கேட்டரிங் கம்பெனி நடத்துது"ன்னு அவரும் சொல்லிட்டாரு. நிச்சயத்துக்கு முதநாள் என் கடையில வச்சு அக்காவ மெரட்டினாரு.

"இங்க பாரு தாயி, எது வந்தாலும் அந்த எழவு வண்டி மண்டபத்துப் பக்கம் வரக்கூடாது. நம்ம வீட்டுப் பேரு போச்சுன்னா போனதுதான்."

அக்கா என்னைப் பாத்துச்சு. நான் வண்டிய லாரியில ஏத்தி, ஆத்துப்பாலம் தாண்டி, கரும்புக்காடெல்லாம் தாண்டி, ஒரு இடிஞ்ச செங்கல் சூளைக்குள்ள கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். விட்டுட்டுத் திரும்புறப்ப கண்ணாடியில பாத்தேன். அது அசையாம நின்னுச்சு. அப்படி நின்னதே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

மறுநாள் மண்டபம் நெறைஞ்சு கெடக்கு. பாண்டிமீனா மாலையும் கழுத்துமா மேடையில உக்காந்திருக்கு, பத்திரிகை வாசிக்க மைக்க மேடையிலேயே வச்சிருக்கேன், அக்கா தாம்பூலத் தட்டத் தூக்கிச் சம்மந்தியம்மா கையில குடுக்கப் போகுது, வாசல்ல கிறீச்சுன்னு சக்கரச் சத்தம். ராவெல்லாம் நடந்திருக்கும் போல, சக்கரமெல்லாம் சேறு, தாமரைப்பூ மேல கரும்புச் சோகை. வந்து வாசலுக்கு நேர நின்னுருச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா வந்த கார் உள்ள நுழைய முடியல. மண்டப மேனேசர், அவரு வெளியூர்க்காரரு, என்கிட்ட வந்து "அனௌன்ஸ் பண்ணுப்பா"ன்னாரு. நான் பண்ணினேன். மைக்கக் கையில எடுத்தா என் வாயி தானா அந்தத் தமிழுக்குப் போயிரும்.

"வாசலில் நிற்கும் நீல நிற வண்டியின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனடியாக வந்து வண்டியை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மண்டபத்துல இருக்கிற வேலங்குளத்து ஆளுக அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டுக்காரரு தும்முனாரு. பூசாரி வெத்தலையில சுண்ணாம்பத் தடவிக்கிட்டே இருந்தாரு. நான் மைக்க மேடையில வச்சிட்டேன், ஆஃப் பண்ணல.

"யாரு வண்டிங்க சம்மந்தி அது?" அந்தச் சம்மந்தியம்மா சாதாரணமாத்தான் கேட்டுச்சு.

அக்கா அண்ணனப் பாத்துச்சு. தட்ட இறுக்கிப் பிடிச்சுச்சு. "தெரியலையே சம்மந்தி. எவளோ பணியாரக்காரி வண்டி போல."

மைக்கு அத வாங்கி, மண்டபத்துக்குள்ள இருக்கிற பாக்ஸுக்கும் குடுத்துச்சு, வாசல்ல வேப்பமரத்துல நான் கட்டியிருந்த குழாய்க்கும் குடுத்துச்சு. எவளோ பணியாரக்காரி வண்டி போல, எவளோ பணியாரக்காரி வண்டி போலன்னு தெருவுல எதிரொலிச்சுச்சு. வண்டியில சூடா இருந்த சட்டி ஆறிப்போற சத்தம் சிணுசிணுன்னு கேட்டுச்சு. அப்புறம் அது மெதுவா திரும்பி, வந்த வழியே போக ஆரம்பிச்சுச்சு.

"அம்மா, நம்ம வண்டி போகுதும்மா."

"உக்காருடி."

"நம்ம வண்டிம்மா. நான் படிச்சதே அதுலதாம்மா."

"ஊரு பாக்குது மீனா, உக்காரு."

பாண்டிமீனா மாலையக் கழட்டி நாற்காலியில வச்சுச்சு. யாரையும் ஏசல, அழல. பட்டுச்சேலைக் கொசுவத்த ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, வெறுங்காலோட படியெறங்கி, சனத்துக்கு நடுவுல நடந்து போய், ரயில்வே கேட்டுக்கிட்ட வண்டியப் பிடிச்சுச்சு. பிடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த வண்டி தானா நடக்கல.

ராசுக்காளை "பிள்ளைக்குத் தலைசுத்து"ன்னு என்னென்னமோ சொன்னாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்தியில உக்காந்து மரியாதையாச் சாப்பிட்டாங்க, இலைய மடிச்சாங்க, "சொல்லி அனுப்புறோம்"னாங்க. சொல்லி அனுப்புறோம்னா என்ன அர்த்தம்னு நம்ம பக்கம் யாருக்குத் தெரியாது? போறப்ப அந்தச் சம்மந்தியம்மா மட்டும் அக்காகிட்ட நின்னு, "பணியாரம் வித்தா என்னங்க இப்போ?"ன்னு கேட்டுச்சு. குத்திக் காட்டக் கேக்கல, புரியாமத்தான் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் பாண்டிமீனா தொழில எடுத்துக்கிச்சு. வெளியூரு மட்டுமில்ல, உள்ளூருலயும் தள்ளிக்கிட்டுப் போச்சு, கை நீட்டி வாங்கிச்சு. அம்மாவும் மகளும் ஒரே வீட்டுலதான் இருந்தாங்க, ஒரே பானையிலதான் தின்னாங்க, மக பேசல. அக்கா தெருவுல நடந்தா நின்னு நின்னு பின்னாடி திரும்பிப் பாக்கும். தெரு காலியா கெடக்கும். கேட்டு அதுக்காகத் தூக்கி நிக்கல, போலீஸ்காரரு விசில் ஊதல. பாண்டிமீனா வண்டியோட நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல அக்கா போனா அடுப்பு அணையும், தள்ளிப் போனா எரியும், அதனால அக்கா எட்டவே நின்னு பாத்துட்டு வந்துரும். ஊரு பழைய மரியாதையவே காமிச்சுச்சு. வண்டி எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. இல்லாத வண்டிய யாரு கேப்பா? "கம்பெனி எப்படி அன்னகாமு?"ன்னுதான் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அக்கா கூனிக்குறுகி நின்னத நானே பாத்தேன், பாத்துட்டு, பாக்காத மாதிரி ஒயரச் சுத்துனேன்.

தேருக்கு மறுநாள் அன்னதானம் வந்துச்சு. ராசுக்காளை வேட்டியும் துண்டுமா கரண்டியத் தூக்கிட்டு மொத இலைக்கு முன்னாடி நிக்கிறாரு. பந்தலுக்கு எதுத்தாப்புல, தெருவோரம், பாண்டிமீனா வண்டி. அக்கா மொளகாப்பழம் மாதிரி செவந்த முகத்தோட நேரா என்கிட்ட வந்துச்சு.

"தம்பி, மைக்கக் குடு."

"எதுக்குக்கா?"

"அன்னைக்கு மண்டபத்துல ஒண்ணு கேட்டயில்ல. பதில் சொல்லணும்."

நான் குடுத்துட்டேன். அதுக்கு மைக்கப் பிடிக்கத் தெரியல, ரெண்டு கையாலயும் சொம்பப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிச்சு. தொண்டையச் செருமிக்கிட்டு, நான் சொன்ன மாதிரியே சொல்லணும்னு நெனச்சிருக்கும் போல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொல்லுச்சு.

"நீல நிற வண்டியின் உரிமையாளர் நான்தான். அன்னகாமு. அந்தப் பணியாரக்காரி நான்தான். அன்னைக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேன். தெரியும். வந்துட்டேன்."

ராசுக்காளை கரண்டியில இருந்த சோறு இலையில விழாம தரையில விழுந்துச்சு. பந்தியில இருந்த சனம் எல்லாம் இலையையே பாத்துச்சு, ஒருத்தரும் தலையத் தூக்கல. நெசமாவே வெக்கப்பட்டோம், இந்தத் தடவ நடிக்கல. வண்டி அசையல. பாண்டிமீனாவும் தலை நிமிரல, ஆனா கம்பிய அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னதுல சட்டியில இருந்த பணியாரமெல்லாம் கருகிப் போச்சு. அந்த வண்டியில பணியாரம் கருகி நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அன்னையிலேருந்து வண்டி முன்னாடி போகுது, அன்னகாமு அக்கா பின்னாடி போகுது. மக தள்ளுது, அம்மா நடக்குது. வண்டி நின்னா நிக்குது, நடந்தா நடக்குது. அடுப்பு அணையாத தூரம் அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதைத் தாண்டிக் கால வைக்காது. எந்த ஊருக்குப் போனாலும் பஸ்ஸப் பிடிச்சு வந்து நின்னுரும்.

போன வாரம் ஒரு காதுகுத்து, மலைக்குக் கீழ ஒரு ஊரு. நல்ல கூட்டம். பணியாரம் வாங்க வந்த ஒரு பொம்பள, பச்சைப்பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, பாண்டிமீனாகிட்ட கேட்டுச்சு.

"யாரு பாப்பா அந்தம்மா? அப்ப இருந்து அங்கயே நிக்கிது, திங்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது?"

என் கையில மைக் இருந்துச்சு. சட்டுன்னு ஆஃப் பண்ணிட்டேன். அக்காவுக்கும் அந்தக் கேள்வி காதுல விழுந்துருச்சு, தலையக் குனிஞ்சு, வரப்போற வார்த்தைக்குத் தயாரா நின்னுச்சு. பாண்டிமீனா ஒவ்வொரு பணியாரமாப் புரட்டிப் போட்டுச்சு. கடைசிப் பணியாரத்தையும் புரட்டிட்டுத்தான் நிமிர்ந்துச்சு.

"எங்கம்மா. வண்டி அதோடதுதான்."

"அப்ப ஏன் அங்க நிக்கிது? கூப்பிட வேண்டியதுதான?"

பாண்டிமீனா கூப்பிடல. ஆனா வண்டி, யாரும் தள்ளாம, அக்கா நிக்கிற பக்கமா ஒரு சுத்து உருண்டு நின்னுச்சு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தெரியலைன்னு சொன்னத ஊரு முழுக்கக் கேக்க வச்ச பாவி நான், இத மட்டும் மைக்குல விடாமப் போயிட்டேன். கேட்டது நாங்க நாலு பேருதான்.

அக்கா கிட்ட வந்துச்சு. மக முகத்தப் பாக்கல, சட்டிப் பக்கமும் போகல. வாளித் தண்ணிக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்து, முந்தானைய முகத்துல இழுத்து விட்டுக்கிட்டு, எச்சில் தட்டுகளக் கழுவ ஆரம்பிச்சுச்சு. கூட்டம் கலைஞ்சு, நான் குழாயக் கழட்டி, ஒயரச் சுத்தி லாரியில ஏத்துற வரைக்கும், கழுவுன தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டிருந்துச்சு.